கவராயம் பிடிக்கும் கை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று என இரண்டே கேள்விகள். தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 தேவை என்னும்போது, இயற்கணிதம் என்றாலே மிரளும் பிள்ளைக்கு இந்தப் 16 மதிப்பெண்தான் பிடிமானம். ராயபுரம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் வட்டம் வரையும் கவராயத்தைத்தான் கையில் கொடுப்பேன். 2020 ஜூனுக்குப் பிறகு அதையும் செல்போன் வழியாகச் செய்ய வேண்டியதாயிற்று.

கொரோனாவின் முதல் அலையில் சென்னையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மண்டலங்களில் ராயபுரமும் ஒன்று. தெருக்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியாத நாள்கள் அவை. ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு, 30 முதல் 45 நிமிட வகுப்புகள் நாளொன்றுக்கு நான்குக்கு மேல் வேண்டாம் என்று அந்த ஜூலையில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிள்ளைகளின் கண்ணையும் மனதையும் நினைத்துச் சொன்ன நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு வகுப்பே எட்டாத நிலை. வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அப்பாவுடன் துறைமுகத்துக்கோ ஆட்டோவிலோ போய்விடும். "அவர் ராத்திரி வந்த பிறகுதான் டீச்சர் போன் கிடைக்கும்" என்று ஒரு தாய் சொன்னார். விசாரித்தபோது பாதி வீடுகளில் அதே பதில். அதனால் என் வகுப்பை இரவு எட்டரை மணிக்கு மாற்றினேன். செல்போனே இல்லாத வீடுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒன்றுதான் வழி. அதில் பாடத்தைப் பார்க்கலாம். கை தூக்கிக் கேட்க முடியாது.

வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதை நடத்தினேன். புள்ளியையும் வட்ட மையத்தையும் இணைத்து, அந்தக் கோட்டைச் சரிபாதியில் செங்குத்தாக வெட்டும் மையக்குத்துக்கோடு வரைய வேண்டும். அது வெட்டும் இடத்தை மையமாக்கி, அந்தப் புள்ளி வழியாகச் செல்லும் இன்னொரு வட்டம் போட்டால், இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் தொடுபுள்ளிகள். பிள்ளைகள் வரைந்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மங்கிய வெளிச்சம், பக்கத்தின் மேல் விழுந்த கை நிழல். ஆனாலும் தொடுகோடுகள் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் சரியாகவே தெரிந்தன.

எனக்கு மனது ஆறவில்லை. வகுப்பில் நான் விடையைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பவள். மையக்குத்துக்கோட்டுக்கு ஒரு முனையிலிருந்து வில் போட்டுவிட்டு, அடுத்த முனைக்குப் போகும்போது கவராயத்தின் அகலத்தை அறியாமல் மாற்றிவிடும் கை உண்டு. வில்லே போடாமல், அடிக்கோலை வட்டத்தின் ஓரத்தில் வைத்துக் கண்மதிப்பில் இழுத்துவிடும் கையும் உண்டு. முடிந்த படத்தில் இவை எதுவும் தெரியாது. ஐம்பது பேர் வகுப்பிலும் வரிசைகளுக்கு நடுவே நடந்தால் ஒரு சுற்றில் பிடித்துவிடுவேன். செல்போன் என்னிடமிருந்து பறித்தது அந்த நடையை.

அதனால் இரண்டு விஷயங்கள் கேட்டேன். வில்களை அழிக்கக் கூடாது. வரைந்ததை வரைந்த வரிசையிலேயே வாய்ஸ் மெசேஜில் சொல்ல வேண்டும். முதலில் தயங்கினார்கள். பிறகு இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. பின்னணியில் மிக்ஸி, தம்பியின் அழுகை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து தலை குனிந்து நிற்கும் ஒரு பையன், "மிஸ், இப்போது கவராயத்தை மாற்றாமல் அந்தப் பக்கம் வைக்கிறேன், மாற்றினால் கோடு நடுவில் வராது" என்று காரணத்தோடு அனுப்பியிருந்தான். அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது 'மாற்றாதே' என்பது மட்டும். 'மாற்றினால் என்ன ஆகும்' என்பதை அவனே வரைந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்காகப் பள்ளிகள் திறந்தன. பெற்றோரின் சம்மதக் கடிதம், அறைக்கு 25 பேர், முகக்கவசம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவர்களின் கை பெரும்பாலும் தடுமாறவில்லை. செல்போன் இல்லாமல் போனவர்களுக்குக் கவராயத்தில் பென்சிலை மாட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவர்களோடுதான் அந்த வாரங்களைக் கழித்தேன். பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அந்தச் சூழலில் அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனாலும் தட்டுத் தடுமாறி அந்தப் 16 மதிப்பெண்ணை எட்டிப் பிடிக்கக் கற்ற பிள்ளைகள், அதைத் தாளில் எழுதிக் காட்டும் வாய்ப்பு இல்லாமலே போனது எனக்குத் தாங்கவில்லை.

இப்போது வடிவியல் வகுப்பில் ஒருவர் கரும்பலகையில் வரைவார், இன்னொருவர் இருக்கையிலிருந்தபடி படிகளைச் சொல்வார். சொல்லாத எதையும் வரையக் கூடாது. இடையில் மற்றவர்கள் "ஏன்?" என்று கேட்கலாம். கூடுதலாக ஒரு பீரியடு ஆகிவிடுகிறது. பாடம் பின்தங்குகிறதே என்று தலைமையாசிரியை கேட்டார். திருப்புதலுக்கு ஒதுக்கிய நாள்களிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.