முதல் மூங்கில் தூண்டிலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

அமெரிக்காவில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பது) பழகும் நண்பர்கள் சிலர், முதல் மூங்கில் தூண்டிலுக்கே ஆயிரக்கணக்கில் டாலரை எண்ணி வைக்கத் துடிக்கிறார்கள். அவசரம் எதற்கு? சீனாவின் டோன்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணச் சீவல்களாக இழைத்து, அறுகோணமாக ஒட்டித் தரும் கைவினைஞருக்கு அந்தக் கூலி தகும். ஆனால் சவுத் பெண்ட், மான்டேக், ஹாராக்ஸ்-இபாட்சன் போன்ற அமெரிக்க ஆலைகள் செய்து குவித்த பழைய கோல்கள் இருக்கின்றனவே! கண்ணாடியிழைக் கோல்கள் வந்ததும் பரணில் ஏறியவை.

பார்க்கப் போகும்போது அளவு நாடா அவசியம். கோலின் துண்டுகளில் நுனித்துண்டு மற்றவற்றைவிடக் குட்டையா? எப்போதோ ஒடிந்து, கயிறு ஓடும் முனை வளையத்தை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அடுத்தது துண்டுகளைச் சேர்க்கும் உலோக இணைப்பு. துண்டுகளைப் பிரிக்கும்போது 'பொப்' என்று சத்தம் வந்தால் பொருத்தம் கச்சிதம். கோலை ஆட்டும்போது 'டிக் டிக்' என்றால் இணைப்பு தளர்ந்துவிட்டது. சீவல்களின் ஒட்டு பிரிந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

லேசான வளைவுக்கு அஞ்ச வேண்டாம், மிதமான சூட்டில் நிமிர்த்திவிடலாம். ஒன்பது அடிக் கோல் கை கடுக்கும், அதனாலேயே மலிவு. ஏழரை அடி என்றாலே விற்பவர் குரல் மாறிவிடும். என் ஓட்டு எட்டரை அடிக்கு. மிச்சமாகும் பணத்தில் நல்ல கயிறு வாங்குங்கள்.