மூங்கில் கழி, ரொட்டி உருண்டை, ஒரு பெரிய கெண்டை: ஏழாவது வாரக் குறிப்பு

நேற்று சாயங்காலம் ஒருவழியாகப் பெரிய கெண்டை ஒன்று கரைக்கு வந்தது. 6 கிலோ 300 கிராம். இந்த ஏழு வாரத்தில் பிடித்த மற்ற பதினோரு மீனையும் ஒன்றாகத் தராசில் போட்டாலும் இதற்கு ஈடாகாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: பழைய முறையில் மட்டும் கெண்டை பிடிப்பது என்று இறங்கியிருக்கிறேன். மூங்கில் கழி, சாதாரண ரீல், தக்கை, ஒற்றை முள். இரைக்கு ரொட்டி, மண்புழு, சோளம். மீன் இழுத்தால் கத்தும் மின்கருவி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியைப் பிரபலமாக்கியவரே பழைய முறைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இங்கிலாந்துத் தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர்தான். வீம்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததால்தான் பாதி விஷயம் பிடிபட்டது.

முதல் மூன்று வாரம் சின்னக் குளம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தக்கை முங்கும். முதல் நாள் தலைகால் புரியவில்லை, மூன்றாம் நாள் சலித்துவிட்டது. எல்லாம் 300, 400 கிராம் மீன்கள். குஞ்சுகள், வளரட்டும் என்று தண்ணீரிலேயே விட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வலையில் உதிர்ந்து கிடந்த செதிலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் கெண்டையின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். அப்போது செதிலில் வளையங்கள் நெருங்கி ஒரு பட்டை விழும், மரத்தின் குறுக்குவெட்டில் தெரிகிற மாதிரி. எண்ணினேன். ஐந்து! அந்த மீனின் எடை 350 கிராம். நான் குஞ்சு என்று நினைத்தது ஐந்து குளிர்காலம் கண்ட மீன்.

அதோடு இடத்தை மாற்றினேன். பெரிய குளம், மீன் குறைவு. அடுத்த மூன்று வாரமும் வெறுங்கை.

தப்பெல்லாம் என்னுடையதுதான். கரையில் நாற்காலியை இழுத்துப் போட்டது முதல் தப்பு. கெண்டைக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்ன எலும்புகள் உண்டு, அதனால் காது கூர்மை. நாம் உட்காரும் முன்பே அது போயிருக்கும். இரண்டாவது தப்பு, தக்கை ஆடியதுமே சுண்டியது. கெண்டை இரையை லபக்கென்று விழுங்குவதில்லை. மீசையால் தடவும், உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். சில சமயம் அதன் உடம்பு தூண்டில் நரம்பில் உரசினாலே தக்கை ஆடும். தக்கை சாய்ந்து ஒரே பக்கமாக நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழக இரண்டு வாரம் ஆயிற்று. ஐந்தாம் வாரம் நல்ல மீன் ஒன்று மாட்டியும், பழைய முடிச்சை மாற்றாமல் விட்டிருந்ததால் நாணல் ஓரத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று ராத்திரி தூக்கமில்லை.

கைகொடுத்தது தீனிதான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கரையிலிருந்து இரண்டு கழி தூரத்தில் ஒரு கைப்பிடி சோளம். ஊறவைத்து, வேகவைத்த சோளம். வேகாததைப் போட்டால் மீனின் குடலுக்குள் போய் உப்பும். பத்தாவது நாள் அந்த இடத்தில் தண்ணீர் கலங்கி, பொடிப்பொடியாகக் குமிழி கொத்தாக வந்தது. சேற்றைக் கிளறி மேய்கிறது என்று அர்த்தம். அங்கேதான் நேற்று ரொட்டி உருண்டையை இறக்கினேன். இருபது நிமிடம் போராட்டம், கை இன்னும் வலிக்கிறது.

வலையில் ஒட்டியிருந்த செதிலை வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். ஆறு பட்டை, ஏழாவது மங்கல். சின்னக் குளத்து மீனைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூப்பு. எடையோ பதினெட்டு மடங்கு.

ஆக, பெரிய கெண்டை என்றால் கிழட்டுக் கெண்டை என்று இத்தனை நாள் நினைத்திருந்தது தவறு. ஒரே தட்டை எத்தனை மீன் பங்குபோடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பெரிய பெண் கெண்டை ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகளைத் தின்ன வேட்டை மீன் இல்லாத சின்னக் குளத்தில் கூட்டம் பெருகி, எல்லாம் அரைவயிற்றோடு குறுகிப்போகும். வயிறு என்று சொன்னாலும் கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. நீண்ட குடல்தான், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய வேண்டும். நத்தையை நொறுக்கத் தொண்டையில் பல் உண்டு. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நன்றாகத் தின்னும், 10 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். வெதுவெதுப்பும் இரையும் இருக்கிறவரை வயதானாலும் அது வளர்வது நிற்காது. நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் ரெட்மைர் குளத்துக் கதை இதற்குப் பொருத்தம். சுமார் மூன்று ஏக்கர்தான். 1934இல் அதில் 50 கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். வேகமாக வளர்வதற்கென்றே ஐரோப்பியப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சம். 1952 செப்டம்பரில் வாக்கர் அங்கே பிடித்தது 44 பவுண்டு, நம் கணக்கில் 20 கிலோ. அது அந்த ஐம்பதில் ஒன்று என்றுதான் சொல்கிறார்கள். கிளாரிசா என்று பெயர் வைத்து லண்டன் மிருகக்காட்சிசாலைத் தொட்டியில் விட்டார்கள், 1971 வரை உயிரோடு இருந்தது. நல்ல வம்சம், குறைந்த கூட்டம், நிறைந்த தீனி மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. பழைய ஏரிகளில் இருந்த ஒல்லி உடம்புக் காட்டுக் கெண்டையை அதே குளத்தில் விட்டிருந்தால் இருபது கிலோ வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நேற்றைய மீனை ஈரச் சாக்கின் மேல் கிடத்தி, எடை பார்த்து, உடனே திருப்பி விட்டுவிட்டேன். அகன்ற வயிறு, அநேகமாகப் பெண். அடுத்த வாரம் அதே இடத்துக்குத் தீனி தொடர்கிறது, தண்ணீர் குளிர்வதற்குள் இன்னும் மூன்று சாயங்காலமாவது கிடைக்கும். நாணல் ஓரத்தில் அறுத்துக்கொண்டு போனது நேற்று வந்ததைவிடப் பெரிது என்றே தோன்றுகிறது. முடிச்சை இப்போதே புதிதாகப் போட்டு வைத்தாயிற்று.