ஸ்டெம் செல் புற்றை அழிப்பதில்லை

வட சென்னையில் புற்றுநோய் வார்டு வேலையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. தண்டையார்பேட்டையோ காசிமேடோ, மார்பகப் புற்று எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்ததும் மகனோ மகளோ செல்போனை நீட்டுவார்கள். "சிஸ்டர், ஸ்டெம் செல் ஏத்துனா அம்மாவுக்குச் சரியாயிடுமாமே? நகையை வித்தாவது பண்ணிடுறோம்." வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால், ஏழை என்பதால் மறுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முறையை முழுதாகச் சொல்லிவிடுவதே நல்லது.

இந்த முறையில் கட்டியைத் தாக்குவது கீமோ மட்டுமே. வழக்கத்தைவிடப் பல மடங்கு மருந்து கொடுத்தால், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜை மீளாது. அதனால் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்லான ஸ்டெம் செல்லை நோயாளியின் உடம்பிலிருந்தே முன்கூட்டியே எடுத்து வைத்து, மருந்து உடம்பைவிட்டுப் போனபின் திருப்பி ஏற்றுகிறார்கள். அது மஜ்ஜையை மீட்கத்தான்.

செல் எடுக்க, அதை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசி கிலோ எடைக்கு 10 மைக்ரோகிராம் வீதம் தினமும் நாலைந்து நாள். இடுப்பெலும்பு வலிக்கும். பிறகு ரத்தத்திலிருந்து அந்தச் செல்லைப் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் இயந்திரத்தில் சில மணி நேரம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல்நுனியும் மதமதக்கும். நோயாளியாகச் சொல்லட்டும் என்று இருக்கக்கூடாது, கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஓட்டத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்தால் அடங்கும். கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் (ஸ்டெம் செல்லை அடையாளம் கண்டு எண்ணும் குறி) வேண்டும், 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. ஏற்கெனவே நிறைய கீமோ ஏறியவர்களுக்கு இது தேறாமல் போவதுண்டு. மஜ்ஜையில் புற்று இருந்தால் எடுக்கும் பையிலேயே அந்தச் செல்லும் கலந்து வரலாம்.

உறையும்போது செல் சிதையாமல் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் கலந்து திரவ நைட்ரஜனில் உறையவைத்த பையை 37 டிகிரி நீரில் உருக்கி, தாமதிக்காமல் ஏற்றவேண்டும். உருகியபின் டிஎம்எஸ்ஓ செல்லையே கெடுக்கும். அறையில் இரண்டொரு நாள் பூண்டு வாடை அடிக்கும், வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மார்பகப் புற்றுக்கு 1990களில் இந்த முறையில் அதிகம் தரப்பட்ட கீமோ கூட்டு சைக்ளோபாஸ்பமைடு, தையோடெப்பா, கார்போபிளாட்டின். முதலாவது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசியவைக்கும், அதைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தும் நிறைய சலைனும். தையோடெப்பா வியர்வையில் வெளியேறித் தோலைக் கருக்கும். அக்குள், மார்புக்கு அடியில், பிளாஸ்திரி ஒட்டிய இடம் என்று வியர்வை தேங்குமிடமெல்லாம் புண்ணாகும். சென்னைப் புழுக்கத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை குளித்து, துணியும் விரிப்பும் மாற்றியாகவேண்டும்.

அதன்பின் வெள்ளணுக்கள் ஏறக்குறைய பூஜ்யம். மீள 10 முதல் 12 நாள். வாய்ப்புண்ணில் எச்சில்கூட விழுங்கமுடியாது. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறவேண்டும். கிருமி தொற்றலாம் என்பதால் மல்லிகைச்சரம் உள்ளே வரக்கூடாது, பச்சை வெங்காயம் தூவிய அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) கூடாது.

இவ்வளவும் தாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1990களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்கள் இதைச் செய்துகொண்டார்கள். முதலில் வந்த முடிவுகள் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம் தேர்வு: வயது குறைந்தவர்கள், இதயமும் நுரையீரலும் பலமானவர்கள், சாதாரண கீமோவுக்கே கட்டி சுருங்கியவர்கள். அவர்கள் எப்படியும் கூடுதலாக வாழ்ந்திருப்பார்கள். சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாக்கிப் பார்த்த பிலடெல்பியா ஆய்வு 2000-இல் வெளியானது. மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஸ்டெம் செல் ஏற்றிய பிரிவில் 32 சதவீதம், சாதாரண கீமோவில் 38. பலன் உண்டு என்று காட்டிய தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோடாவின் தரவு பொய் என்று அதே ஆண்டு தணிக்கையில் வெளிப்பட்டது. நம்பிவந்த பெண்களுக்குச் செய்த பெருங்கொடுமை அது. மருந்துக்கு மசியாத செல், அளவைக் கூட்டினாலும் மசியவில்லை.

லிம்போமா, மைலோமா போன்ற ரத்தம் சார்ந்த புற்றுகளுக்கு இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பிழைத்தார் என்றால் பெரும்பாலும் நோய் அதுவாக இருக்கும்.

நகையை விற்குமுன் கையில் வாங்கவேண்டியது ஈஆர், பிஆர், ஹெர்2 ரிப்போர்ட்: புற்று எந்த வகை என்று அதுதான் சொல்லும் (ஈஆர், பிஆர் ஹார்மோனை ஏற்கும் புரதங்கள், ஹெர்2 இன்னொரு புரதம்). ஹார்மோன் வகை என்றால் லெட்ரோசோலோடு பால்போசிக்லிப் போன்ற மாத்திரை, ஹெர்2 என்றால் ட்ராஸ்டுசுமாப். எலும்பில் பரவியிருந்தால் எலும்பைக் காக்கும் சோலெட்ரோனிக் அமிலம், அதற்குமுன் பல் மருத்துவரிடம் ஒரு பார்வை. பயாப்சியில் எடுத்த துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, சூடு படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பரவிய இடத்தில் மறுபடி பயாப்சி எடுத்தால் வகை மாறியிருக்கக்கூடும், ஒப்பிட அது வேண்டும்.