கருநீலமா கருப்பா

பிப்ரவரி 13, வியாழன்
தைப்பூசத்துக்கு நடந்த கால்வலி இன்னும் போகவில்லை. மதியம் மழை. கட்டிலுக்கடியில் கிடந்த மூட்டையை இழுத்துத் தரையில் கொட்டினேன். நாற்பது வருஷம் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத்துணி. ரவிக்கை, பாவாடை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங், பள்ளிச் சீருடை எல்லாம் கலந்து கிடக்கிறது. இதில்தான் போர்வை. அளவு எடுக்கப் போவதில்லை, கை எதை எடுக்கிறதோ அதன் பக்கத்தில் அடுத்தது.

பிப்ரவரி 14
கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
ஒரு துண்டு, கைக்குட்டை அகலம் இருக்கும். கருநீலமா கருப்பா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். பள்ளிப் பினாஃபோர் வெட்டியதில் மிஞ்சியது என்றால் கருநீலம், பெரியவன் கல்யாணத்துக் கால்சட்டைத் துணி என்றால் கருப்பு. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பேரன் கருப்பு என்கிறான், பக்கத்து வீட்டு அக்கா கருநீலம் என்கிறார். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் போர்த்துகிற துணியில் கருப்பு வைக்க எனக்கு மனசு வராது. முன்பெல்லாம் எந்த நூல்கட்டை எந்த ரவிக்கைக்கு என்று எட்ட நின்றே சொல்வேன், இப்போது பார்ப்பதெல்லாம் தே ஓவில், பால் சேர்க்காத தேநீரில், நனைத்து எடுத்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 18
அம்மா ரப்பர் பால் வெட்டப் போட்டுப்போன சட்டையின் கை கிடைத்தது. மூட்டையின் அடியில், வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன், வைத்ததே மறந்துபோனது. பால் கறை பட்ட இடம் தோல் மாதிரி விறைத்து நிற்கிறது, ஊசி அங்கே இறங்க மறுக்கிறது. சோப்புக் கட்டியில் ஊசியைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். கறையை வெட்டி எறிந்திருக்கலாம். எப்படி எறிவது.

பிப்ரவரி 21
மகள் கைப்பேசிக்குப் படங்கள் அனுப்பினாள். அமெரிக்காவில் அலபாமா, ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள். பருத்திக் காட்டில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டை, சட்டைகளைக் கிழித்துத் தைத்தவை. குளிருக்குப் போர்த்தத் தைத்ததை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்களாம், 2006இல் அஞ்சல்தலையே வந்ததாம். கோடு எதுவும் நேராக இல்லை, ஆனாலும் கண் அதை விட்டு நகர மாட்டேன் என்கிறது. முட்டி தேய்ந்த இடம் ஒன்றில் வெளுத்துத் தெரிகிறது, அதை மறைக்காமல் நடுவிலேயே வைத்திருக்கிறாள். அம்மா சட்டையை இனி ஓரத்தில் வைக்க மாட்டேன்.

பிப்ரவரி 26
சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது.

மார்ச் 3, திங்கள்
தேதி வந்துவிட்டது. 12ஆம் தேதி, ஈப்போவில், முதலில் இடது கண். பயமாக இருக்கிறது. நடுவில் இருமல் வந்தால் என்ன செய்வது?

மார்ச் 7
நிறத்தை நம்ப முடியாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் எது வெளிச்சம், எது இருட்டு என்பது மட்டும் நிற்கிறது. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு, அவ்வளவுதான் கணக்கு. பாத்திக் துண்டைக் குறுக்கே வெட்டிவிட்டேன், ஓரம் இழுபட்டு அலை அலையாகிவிட்டது. பிரித்து, கஞ்சி போட்டு, அயர்ன் செய்து மறுபடி தைத்தேன்.

மார்ச் 10
அடியில் வேட்டி, நடுவில் பழைய கம்பளி, மேலே இது. மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்தி நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு வருகிறேன், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும். அந்தத் துண்டையும் வைத்துவிட்டேன். அம்மா சட்டைக்குப் பக்கத்தில். கருப்பாகவே இருந்தாலும் இருக்கட்டும் என்று தோன்றியது, பிறகு ராத்திரி தூக்கமில்லை.

மார்ச் 12
நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். முடிந்தது. வலி இல்லை. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. இருமல் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்
கட்டு அவிழ்த்தார்கள். வேட்டி வெள்ளை! இத்தனை நாள் மஞ்சளடித்த துணியைக் கட்டித் தைக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். போர்வையை மடியில் விரித்து ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். வலதில் அதே தே ஓ, இடதில் பேரன் சட்டையின் நீலம் கண்ணைக் குத்துகிறது. பழுப்பு என்று நினைத்து வரிசையாக வைத்ததில் பாதி ஊதா. அம்மாவின் கறை மட்டும் இரண்டு கண்ணிலும் ஒரே கறை.

அந்தத் துண்டு கரும்பச்சை.

மார்ச் 14
பச்சை யார் கேட்டார்கள்? இந்தத் தோட்டத்தில் யாருக்குக் கரும்பச்சையில் தைத்தேன்? கணக்கு நோட்டைத் தேடச் சொல்லியிருக்கிறேன். ஓரம் இரண்டு பக்கம் பாக்கி.