காப்டனைத் தேய்க்கும் முன் காற்றின் ஈரத்தைப் பாருங்கள்

எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்கு, விண்வெளிப் பொருட்களில் நிலைமின்னூட்டம் சேர்வதை எடுக்கலாமா என்று மதுரையில் படிக்கும் தம்பி, தங்கைகள் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் நான் ஒரு மாத உழைப்பை இழந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக்கோளைப் போர்த்தியிருக்கும் பொன்னிறத் தாள் பெரும்பாலும் காப்டன் என்ற பிளாஸ்டிக். மின்சாரம் கடத்தாது. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 35,786 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான்கள் வந்து விழுந்தால் வெளியேற வழியின்றித் தேங்கும். மின்னழுத்தம் அளவு மீறினால் பொறி பறக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ1, இ2 செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்துக் கட்டுப்பாட்டை இழந்ததற்கு, உள்ளே தேங்கிய மின்னூட்டத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

என் சோதனை எளிது. கம்பளியால் தேய்ப்பேன், 25 மி.மீ. தள்ளி ஃபீல்ட் மீட்டர் (தொடாமலே மின்புலத்தை அளக்கும் கருவி), வோல்டேஜ் பாதியாகக் குறைய எத்தனை நொடி என்று குறிப்பேன். ஐப்பசி மழையில் எடுத்த ரீடிங்கில் மின்னூட்டம் விறுவிறுவென இறங்கியது. காப்டன் நன்றாகக் கசியவிடுகிறது என்று எழுதியும் வைத்தேன். மாசி வெயிலில் அதே துண்டு, அதே கம்பளி, எண் அசையவே இல்லை. மழை நாளில் மின்னூட்டத்தைக் கடத்தியது காப்டன் அல்ல, அதன்மேல் படிந்த நீர்ப்படலம். விண்வெளியில் அந்தப் படலம் ஏது?

அப்புறம்தான் மூடிய அக்ரிலிக் பெட்டிக்கு மாறினேன். அடியில் கரையாமல் தங்கும் அளவுக்குச் சோடியம் குளோரைடு போட்ட கரைசலை வைத்தால் ஈரப்பதம் 75% அளவில் நிற்கும்; மக்னீசியம் குளோரைடு என்றால் 33%. அதற்கும் கீழே போக சிலிக்கா ஜெல். கடையில் வாங்கும் கல் உப்பு வேண்டாம், அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். மாதிரியை ஓர் இரவு முழுக்க உள்ளேயே விடுங்கள்.

செல்போன் சர்வீஸ் கடையில் கிடைக்கும் காப்டன் டேப்பையும் தவிர்த்துவிடுங்கள். பிரிக்கும்போதே மின்னூட்டம் ஏறிவிடும், பசை வேறு. தாளாகவே வாங்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, இடுக்கியால் மட்டும் எடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு விரல் வியர்வை ஒன்றே ரீடிங்கைக் கெடுத்துவிடும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி: “வெற்றிடத்தில் இந்த எண் நிற்குமா?” நிற்காது என்றேன். உராய்வு வேறு, எலக்ட்ரான் மழை வேறு என்றும் சொன்னேன். ஈரம் குறையக் குறைய நேரம் எப்படி நீள்கிறது என்ற வரைபடத்தை நீட்டினேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

கரி கலந்ததால் மின்சாரம் கடத்தும் கறுப்புக் காப்டன் ஒரு துண்டு கிடைத்தால், எர்த் கொடுத்து அதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள்.