ஒரு மருந்து பத்தாதுங்களா?

மயக்க மருந்துகளான கெட்டமினையும் புரோபோஃபாலையும் சேர்த்துக் கொடுக்கப்போவதாக, மயக்கம் கொடுக்கும் மருத்துவரான நான் சொன்னதும், "ஒரு மருந்து பத்தாதுங்களா சார்? சின்னப் பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தத் தாய். குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்த நான்கு வயதுப் பையன் அவர் இடுப்பிலேயே இருந்தான். நான் சொன்ன பதிலில் பொய்யேதும் இல்லை. ஆயினும் அதை அப்போது அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

கெட்டமின் வலியைப் போக்கும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் எச்சிலைப் பெருக்கும், தெளியும்போது சில குழந்தைகள் மிரண்டு அலறுவார்கள். புரோபோஃபால் விரைவில் தூங்க வைக்கும், வாந்தியைக் குறைக்கும். ஆனால் அழுத்தத்தை இறக்கும், ஏறும்போது கை எரியும், வலியைப் போக்காது. தனியாகக் கொடுத்தால் குழந்தைக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை தேவைப்படும் புரோபோஃபால், கெட்டமினோடு சேரும்போது கணிசமாகக் குறைந்துவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். இதையெல்லாம் எளிமையாகச் சொல்லி, அதோடு நிறுத்தியிருக்கலாம். மூச்சு மந்தமாவது மட்டும் இப்படி ஒன்றுக்கொன்று ஈடாகாது, சேர்ந்தால் கூடவும் செய்யலாம், அதற்காகவே மாஸ்க்கும் ஆக்சிஜனுமாக நான் தலைமாட்டை விட்டு நகராமல் நிற்பேன் என்றும் சொன்னேன்.

மூச்சு என்றதுமே அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அதுவரை என் ஸ்டெதாஸ்கோப் குழாயைத் திருகிக்கொண்டிருந்த பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டான். தியேட்டருக்குள் வரும்வரை அடங்கவில்லை. அழுத குழந்தைக்குச் சளியும் எச்சிலும் தொண்டையில் சேரும், குரல்வளை இறுகிக்கொள்ளும் ஆபத்து கூடும். கெட்டமினோ எச்சிலை மேலும் பெருக்கும் மருந்து. எச்சிலைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட் போட்டு, சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயைத் தலையணை ஓரம் வைத்துக்கொண்டு, இரண்டையும் சிறிது சிறிதாக ஏற்றினேன். பையன் நலமாகவே கண்விழித்தான்.

கையெழுத்து வாங்குமுன் ஆபத்தைச் சொல்வது கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்ட தாய்க்குப் பாதியை மட்டும் சொல்வது அவரை ஏய்ப்பதாகும். ஆனால் அந்த முழு பதிலின் விளைவைத் தாங்கியது, கேள்வி கேட்காத குழந்தையின் தொண்டை. முந்தைய மாலையே சொல்லியிருந்தால் அந்தப் பெண் இரவெல்லாம் உறங்கியிருக்க மாட்டார். இப்போதெல்லாம் பிள்ளையைப் பாட்டியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசுகிறேன். சில பிள்ளைகள் அந்தப் பிரிவுக்கே அழுகிறார்கள். குழந்தையின் பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலத்தை வாய்வழியாகக் கொடுத்து, அது பிடிக்கும் 20, 30 நிமிடங்களுக்குள் பெற்றோரிடம் பேசிவிடலாமா என்றும் யோசித்ததுண்டு. ஆனால் சம்மதம் கேட்பதற்கு முன்பே முதல் மருந்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?