சுற்றளவுக் கணக்கில் எந்தப் பக்கத்துக்கு எழுத்து?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரப் பிரத்தியேக வகுப்புக்கு வரும் படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) மாணவர்கள், சமன்பாட்டைத் தனியாகக் கொடுத்தால் தயங்காமல் தீர்த்துவிடுகிறார்கள். அதையே சுற்றளவைப் பற்றிய பிரச்சனைக் கணக்காக மாற்றிக் கொடுத்தால், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டி ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, தடுமாற்றம் இயற்கணிதத்தில் இல்லை. தெரியாத அளவைக் குறிக்கும் எழுத்தை எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது என்பதில்தான் இருக்கிறது.

அவர்கள் அன்றாடம் விளையாடும் பூப்பந்துத் திடலையே எடுத்துக்கொள்வோம். நீளம், அகலத்தின் இரு மடங்கைவிட 1.2 மீட்டர் கூடுதல். சுற்றளவு 39 மீட்டர். கேள்வியில் முதலில் வருகிறது என்பதற்காகப் பலர் நீளத்துக்கு எழுத்தைக் கொடுக்கிறார்கள். அப்படியும் விடை கிடைக்கும். ஆனால் அகலத்தை எழுத, நீளத்தில் 1.2 கழித்து இரண்டால் வகுக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே பின்னம் வந்து வழியை மறிக்கிறது. எந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்களோ, அந்தப் பக்கத்துக்கே எழுத்தைக் கொடுக்க வேண்டும். அகலம் அ என்றால், நீளம் 2அ + 1.2.

நான்கு பக்கங்களையும் வரிசையாகக் கூட்டுவதைவிடச் சுற்றளவில் பாதியை எடுத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. ஒரு நீளமும் ஓர் அகலமும் சேர்ந்ததுதானே அந்தப் பாதி? ஆகவே 3அ + 1.2 = 19.5; 3அ = 18.3; அ = 6.1. நீளம் 13.4 மீட்டர். இரட்டையர் ஆட்டத் திடலின் அளவும் இதுவே. நம்பாதவர்கள் அளவு நாடாவோடு போய்ப் பார்க்கலாம். கோட்டின் வெளி ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்.

ஆனால் பாதியாக்கும் வழி எல்லா இடத்திலும் செல்லாது. வீட்டின் பின்சுவரை ஒரு பக்கமாக வைத்து, 20 மீட்டர் கம்பி வலையால் கோழிகளுக்கு வேலி போட வேண்டும். சுவருக்கு எதிர்ப்பக்கம், மற்ற பக்கத்தின் இரு மடங்கு. வலை வேண்டிய பக்கங்கள் மூன்றே: அ + அ + 2அ = 20, ஆகவே அ = 5. பாதியாக்கிப் பழகிய பிள்ளையோ 3அ = 10 என்று எழுதி, சுவருக்கும் சேர்த்து வலை கட்டிவிடுகிறது. அதனால்தான் முதலில் படம் வரைந்து, வலை வரும் பக்கங்களை மட்டும் தடித்த கோடாக்கச் சொல்கிறேன். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு, கேள்வி நீளமான பக்கத்தைக் கேட்டிருக்க, 5 என்று எழுதி நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அங்கே விடை 2அ, அதாவது 10 மீட்டர்.